ஒளிரும் பாக்டீரியா ஆராய்ச்சி சோறு போடுமா? ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. பயாலஜி குரூப் எடுத்த பெண், நீட் கைகொடுக்கவில்லை. இப்போது பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்து, ஒளிரும் பாக்டீரியாவை வைத்துப் புது ஆன்டிபயாடிக் தேடப் போகிறேன் என்கிறாள். இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா, இருந்தால் சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். வேலை இருக்கிறது. சோறு போடுமா என்பதற்குப் பதில் கொஞ்சம் நீளம். அதற்கு முன்னால், அவள் எதைப் பார்த்து மயங்கியிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒளிரும் புரதம் முதலில் கிடைத்தது ஒரு ஜெல்லி மீனிலிருந்து. 1962-இல் ஒசாமு ஷிமோமுரா அதைப் பிரித்தெடுத்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்து ஒளிர வைத்துக் காட்டினார். 2008-இல் ரோஜர் சியனோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு. மருந்து தேடுகிறவர்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு நான் மாணவர்களிடம் சொல்வது மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு முறை. ஒரே ஈ.கோலிக்குள் இரண்டு ஒளிரும் புரதங்களுக்கான மரபணுக்களை வைத்தார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் தடைபட்டால் ஒன்று வேலை செய்யும். டி.என்.ஏ. சேதமானால் மற்றது வேலை செய்யும்.

இந்தப் பாக்டீரியாவை ஒரு பெட்ரி தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் வட்டத் தட்டு) பரப்பி, மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் சாற்றை ஒரு சொட்டு வைக்கிறார்கள். சாற்றில் மருந்து இருந்தால் சொட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் வெற்று வட்டம் விழும். இது பெனிசிலின் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. புதுசு, அந்த வட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. அங்கே மருந்தின் அளவு கொல்வதற்குப் போதாது, பாக்டீரியா உயிரோடு தவிக்கிறது. எதனால் தவிக்கிறது என்பதை அது ஒளியாகக் காட்டிவிடும். ஸ்கேன் செய்த படத்தில், ரைபோசோமைத் தடுக்கும் எரித்ரோமைசின் சொட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம், டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் லீவோஃப்ளாக்சசின் சொட்டைச் சுற்றிப் பச்சை வளையம். (இந்த நிறங்கள் பிரித்துக் காட்டுவதற்காகக் கணினி கொடுப்பவை.) ஒரு பொருள் பாக்டீரியாவை எந்த இடத்தில் தாக்குகிறது என்று கண்டுபிடிக்கத் தனியாகப் பல சோதனைகள் செய்ய வேண்டிய இடத்தில், முதல் துப்பு மறுநாளே தட்டில் கிடைக்கிறது. டெட்ராசினோமைசின் எக்ஸ் என்ற பழைய பொருள் ரைபோசோமைத் தாக்குகிறது என்பதே இந்த வழியில்தான் பிடிபட்டது. ரைபோசோமிலிருந்து புதுப் புரதம் வெளியே வரும் பாதையில் அது போய் ஒட்டிக்கொள்கிறது என்று 2020-இல் காட்டினார்கள்.

இதைக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். ஆனால் ஒளி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை உங்கள் மகள் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். ஒளிர்ந்த சாற்றைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த மருந்தாகவே இருக்கும். புதிதாக ஒன்று சிக்கினாலும் அடுத்த தடை காத்திருக்கும். மாஸ்கோ முறையில் பயன்பட்ட ஈ.கோலியில் டோல்-சி என்ற மரபணுவை நீக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைப்பது போல, பாக்டீரியா உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் அமைப்புக்கு அந்த மரபணு வேண்டும். அதை எடுத்துவிட்டதால்தான் கொஞ்சம் மருந்துக்கே அது ஒளிர்கிறது. நோயாளியின் உடம்பில் இருக்கும் பாக்டீரியாவிடம் அந்த மோட்டார் பத்திரமாக இருக்கும். தட்டில் ஜெயித்த பொருள் அங்கே தோற்கலாம், அல்லது மனித செல்லையே கொல்லலாம்.

ஆகவே நான் மதிப்பெண்ணைவிட முக்கியமாகப் பார்ப்பது சுபாவத்தை. மூன்று மாத வேலை வீண் என்று தெரிந்தபின் மறுநாள் காலை போய் அடுத்த தட்டை எடுக்கிற பொறுமை உங்கள் பெண்ணிடம் இருக்கிறதா? விடை வரும்வரை ஒரு கணக்கை விடாமல் போட்டுப் பார்க்கிற பிள்ளையா? இதை எந்த நுழைவுத் தேர்வும் சொல்லாது. வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, பணத்துக்கு வருவோம். பி.எஸ்சி. மட்டும் முடித்தால் மருந்து, உணவுத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் குறைவு, இதை மறைக்க விரும்பவில்லை. ஆஸ்பத்திரி லேப் வேலைதான் வேண்டும் என்றால் அதற்கு எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) என்ற படிப்பு தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்து, பிறகு வருத்தப்படுகிறவர்கள் நிறைய. மருந்து தேடும் ஆராய்ச்சி என்றால் எம்.எஸ்சி. கட்டாயம், பிஎச்.டி. அநேகமாகக் கட்டாயம். எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM), கேட்-பி (GAT-B), க்யூட்-பிஜி (CUET-PG) என்ற நுழைவுத் தேர்வுகள். நல்ல நிறுவனத்தில் இடம் கிடைக்க இவைதான் வாசல். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், பிறகு 42,000. பிஎச்.டி. படிக்கும்போது அப்பா அம்மா பணம் கட்ட வேண்டியதில்லை என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. உதவித்தொகை சில சமயம் தாமதமாக வரும், அதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். மொத்தத்தில் அவள் நிலையாக நிற்க இன்றிலிருந்து பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு இந்தப் பத்து வருஷத்துக்குள் வரும். அதை அவளோடு இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

தேவை இருக்கிறதா என்றால், பயங்கரமாக இருக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள். ஆனால் தேவை இருக்கிற இடத்திலெல்லாம் லாபம் இருப்பதில்லை. புது ஆன்டிபயாடிக்கை டாக்டர்கள் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைப்பார்கள், கொடுத்தாலும் சில நாள்தான். அதனால் விற்பனை குறைவு. 2018-இல் பிளாசோமைசின் என்ற புது ஆன்டிபயாடிக்குக்கு அமெரிக்க அனுமதி வாங்கிய அகேயோஜென் நிறுவனம் மறு வருஷமே திவால் மனு போட்டது. இன்னொரு பக்கம், சென்னை ஆர்கிட் பார்மா நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம் என்ற துணை மருந்து, செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அதே அமெரிக்க அனுமதியைப் பெற்றது. பெங்களூரில் பக்வொர்க்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் இதே வேலையில் இருக்கின்றன. சென்னையிலேயே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எனவே ஒரே நிறுவனத்தை, ஒரே மருந்தை நம்பிப் போகாமல், எங்கேயும் செல்லுபடியாகும் கைத்திறனை அவள் சேர்க்க வேண்டும். மைக்ரோபயாலஜி மாணவர்கள் வேதியியலைக் கண்டால் ஒதுங்குவார்கள். சாற்றிலிருந்து மருந்தைப் பிரித்து அடையாளம் காண்பது முழுக்க வேதியியல். அதோடு புள்ளியியலும், பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சமும் தெரிந்தால், மருந்து ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் வேறு கதவு திறக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் மூன்றாம் வருஷ மாணவிகளிடம் பேசச் சொல்லுங்கள். தட்டு ஊற்றுவதும் பாக்டீரியா பரப்புவதும் ஒவ்வொருவரும் தன் கையால் செய்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்ய எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்களா? கடைசி வருஷ புராஜெக்ட்டை அங்கேயே செய்கிறார்களா, வெளியே பணம் கொடுத்து வாங்குகிறார்களா? இந்த இரண்டு பதில்களை வைத்தே முடிவெடுக்கலாம். சேர்ந்தபின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அவள் கண்டிப்பாக விண்ணப்பிக்கட்டும். ஒரு நிஜ ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து பார்த்தால், பிஎச்.டி. வேண்டுமா வேண்டாமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: ஆர்வத்தில் வீட்டுச் சமையலறையில் மண் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்க விடாதீர்கள். எது வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது.