தி சேஸ்: வாசகர் கேள்வி - பதில்

2009 முதல் பிரிட்டனின் ஐடிவியில் பிராட்லி வால்ஷ் நடத்திவரும் ‘தி சேஸ்’ வினாடி வினா குறித்து வந்த கேள்விகளில் சில, இந்த இதழில்.

கேள்வி: கோடீஸ்வரன் வகை நிகழ்ச்சிகளைத்தான் பார்த்திருக்கிறேன். இதில் குழு எப்படி விளையாடுகிறது? (திருநெல்வேலி)

பதில்: நான்கு பேர் கொண்ட குழு ஒரு பக்கம், ‘சேசர்’ (துரத்துபவர்) என்ற வினாடி வினா வல்லுநர் ஒருவர் எதிர்ப்பக்கம். முதலில் ஒவ்வொருவரும் 60 விநாடி தனியாகப் பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் ஒன்றுக்கு 1,000 பவுண்டு. அதன்பின் அந்தத் தொகையைப் படிகள் கொண்ட பலகையில் பணயம் வைத்து, சரியான பதிலுக்கு ஒரு படி நகர்ந்து, அதேபோல் பின்னால் துரத்திவரும் சேசரிடமிருந்து தப்ப வேண்டும். தப்பியவர்கள் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து இறுதிச் சுற்றை ஆடுவார்கள். அதில் வென்றால் மொத்தப் பணமும் அவர்களுக்குள் சமமாகப் பிரியும். தோற்றால் ஒரு காசு கிடையாது. பலகையில் பிடிபட்டவருக்கு, குழு வென்றாலும் பங்கில்லை.

கேள்வி: பலகைச் சுற்றில் சேசர் மூன்று தொகைகளைக் காட்டுகிறார். எதை எடுப்பது புத்திசாலித்தனம்? (ஹாரோ, லண்டன்)

பதில்: தொகையைப் பார்ப்பதற்கு முன் படிகளை எண்ணுங்கள். சம்பாதித்த தொகைக்கே ஆடினால் சேசருக்கு 3 படி முன்னால் நிற்பீர்கள், வீடு சேர, அதாவது பலகையைத் தாண்டித் தப்ப, 5 சரியான பதில் தேவை. பெரிய தொகைக்கு ஆசைப்பட்டால் இடைவெளி 2 படியாகக் குறையும், தேவை 6 பதிலாகக் கூடும். சிறிய தொகைக்கு இடைவெளி 4, தேவை 4.

சேசர் தவறே செய்யமாட்டார் என்று வைத்துக்கொள்வோம். நடுத் தொகையில் உங்களுக்கு இரண்டு தவறுக்கு இடமுண்டு, மூன்றாவதில் பிடிபடுவீர்கள். பெரிய தொகையில் ஒரே ஒரு தவறுதான். சிறிய தொகையில் மூன்று தவறு வரை தாங்கும்.

மூன்று கேள்விக்கு இரண்டு சரியாகச் சொல்பவர் நடுத் தொகையில் தப்ப 57 சதவீதம் வாய்ப்பு. பெரிய தொகையில் 26, சிறியதில் 83. ஐந்துக்கு நான்கு சொல்பவருக்கு இதுவே 85, 58, 97 என்று மாறும். சேசரும் அவ்வப்போது சறுக்குவார் என்பதால் நிஜத்தில் எல்லாமே கொஞ்சம் கூடும். ஆனாலும் முதல் வகை ஆள் பெரிய தொகை எடுத்தால், நான்கில் மூன்று முறை தன் குழுவை ஓர் ஆள் குறைவாக இறுதிக்கு அனுப்புகிறார். ஐந்துக்கு நான்கு வரும் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

இன்னொன்று: இந்தச் சுற்றில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் தரப்படும். ஒருவர் பொத்தானை அழுத்தியதுமே மற்றவருக்கு 5 விநாடிதான். பதில் தெரிந்தும் யோசித்துக்கொண்டே இருந்து, நேரம் முடிந்து ஒரு படியை இழப்பவர்கள் உண்டு. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றை அழுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருக்கிறது.

கேள்வி: சிலர் மைனஸ் தொகைக்கு ஆடி உள்ளே வந்து, கடைசியில் சம பங்கு வாங்குகிறார்கள். இது நியாயமா? (கோயம்புத்தூர்)

பதில்: சேசர் காட்டும் சிறிய தொகை மைனஸாகவும் இருக்கலாம், அது குழுவின் பணத்திலிருந்து கழியும். விதி அனுமதிக்கிறது. குழுவுக்கு லாபமா என்பது உள்ளே ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று பேர் வீடு சேர்ந்து 15,000 பவுண்டு வைத்திருக்கிறார்கள் என்றால் தலைக்கு 5,000. நான்காமவர் மைனஸ் 2,000 எடுத்து வந்தால் 13,000 நாலாகப் பிரிந்து தலைக்கு 3,250. இந்த இழப்பை ஈடுகட்ட, மூவருக்கு 25 சதவீதமாக இருந்த வெற்றி வாய்ப்பு நால்வரானதும் 39 சதவீதத்தை நெருங்க வேண்டும். அவர் நல்ல ஆட்டக்காரராக இருந்தால்தான் அது நடக்கும்.

ஒரே ஒருவர் உள்ளே இருக்கும்போது கதை வேறு. தனியாள் சேசரை வெல்வது மிகக் கடினம். கூட ஓர் ஆள் கிடைத்தால் பங்கு சுருங்கினாலும் வெல்லும் நம்பிக்கை பிறக்கும்.

மைனஸ் எடுப்பவரை எடைபோட அவருடைய 60 விநாடிச் சுற்றைப் பாருங்கள். இறுதிச் சுற்றும் அதே மாதிரி விரைவுக் கேள்விகள்தாம். 6 சரியாகச் சொன்னவர் மைனஸில் வந்தாலும் வரவேற்கலாம். 1 மட்டும் சொன்னவர் வந்தால் கிடைப்பது பெரும்பாலும் இறுதிச் சுற்றில் தலைக்கு இலவசமாகத் தரும் ஒரு படிதான். அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எல்லோரையும் கோழை என்பது தவறு.

கேள்வி: இறுதிச் சுற்றில் நல்ல குழுக்கள்கூடத் தடுமாறுவது ஏன்? (யாழ்ப்பாணம்)

பதில்: கேள்வித் தொகுப்பு இரண்டு இருக்கும். ஒன்றைக் குழு தேர்ந்தெடுக்கும், மற்றது சேசருக்கு. வீடு சேர்ந்த தலைக்கு ஒரு படி இலவசம், பிறகு 2 நிமிடத்தில் சரியான பதில் ஒன்றுக்கு ஒரு படி. அந்த மொத்தத்தை சேசர் தன் 2 நிமிடத்துக்குள் எட்டிவிட்டால் குழு தோற்கும். ஒன்றுக்கு மேற்பட்டவர் இருந்தால் பஸ்ஸர் அடித்தவர் மட்டுமே பதில் சொல்லலாம். கலந்து பேசக் கூடாது. பஸ்ஸர் அடிக்காமல் வாய்விட்டுச் சொன்ன சரியான பதில் செல்லாது. அதைவிடப் பெரிய நஷ்டம் மௌனம். யாருக்குமே தெரியாத கேள்வியில் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் நான்கைந்து விநாடி போய்விடும். தவறான பதிலுக்குத் தண்டனை இல்லாததால், யாராவது ஒருவர் உடனே அடித்து ‘பாஸ்’ சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். அதை இடைவேளையிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சேசர் தவறும்போது குழுவுக்குக் கிடைக்கும் ‘புஷ்பேக்’ வாய்ப்பால் உண்மையில் பலன் உண்டா? (சிங்கப்பூர்)

பதில்: நிறைய உண்டு. சேசர் தவறினாலோ பாஸ் சொன்னாலோ கடிகாரம் நிற்கும். அப்போது குழு கலந்து பேசலாம். சரியாகச் சொன்னால் சேசர் ஒரு படி பின்னே போவார். அவர் இன்னும் தொடக்கத்திலேயே இருந்தால் குழுவின் இலக்கு ஒன்று கூடும்.

குழு 18 படி வைத்திருக்கிறது, கேள்விக்கு 5 விநாடி வீதம் 2 நிமிடத்தில் 24 கேள்வி வருகிறது என்று கொள்வோம். குழு ஒன்றையும் பயன்படுத்தாவிட்டால் சேசர் 6 தவறு செய்தும் வெல்லலாம். எல்லாவற்றையும் பயன்படுத்தினால் அவருக்கு 3 தவறுதான் தாங்கும். நான்காவதில் 22 சரி, 4 தவறு என்று 26 கேள்வி தேவைப்படும், நேரம் போதாது. எனவே சேசர் தவறியதும் துள்ளிக் குதிக்காமல், எல்லோரும் மனதில் தோன்றியதைச் சொல்லுங்கள். குழுத் தலைவர் போல ஒருவர் மட்டும் முடிவான பதிலை அறிவிக்கட்டும்.

கேள்வி: சேசர்களில் இந்திய வம்சாவளியினர் இருக்கிறாரா? (சேலம்)

பதில்: பால் சின்ஹா. 2011இல் சேர்ந்தார், வங்காளப் பெற்றோரின் மகன், முன்னாள் மருத்துவர், மேடை நகைச்சுவையாளர்.

கேள்வி: நான்கு பேருமே பலகையில் பிடிபட்டால்? (மட்டக்களப்பு)

பதில்: ஆட்டம் முடிந்துவிடாது. குழு தங்களில் ஒருவரைத் தேர்ந்து இறுதிக்கு அனுப்பும். அவர் 4,000 பவுண்டுக்குத் தனியாக ஆடுவார், வென்றால் ஆளுக்கு 1,000. அதிகம் பேசியவரை அனுப்பாதீர்கள். 60 விநாடிச் சுற்றில் அதிகம் சரியாகச் சொன்னவரை அனுப்புங்கள். தனியாக ஆடுபவருக்குப் பஸ்ஸர் கிடையாது, அந்தச் சிறு நேரமும் அவருக்கு மிச்சம்.