கல்லூரிக்கு 10 லட்சம் ரூபாய்: எதற்குக் கொடுப்பது, எப்படி எழுதிக் கொடுப்பது?

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 9 லட்சம் ரூபாய் வருகிறது. நான் படித்த அரசு உதவி பெறும் கல்லூரிக்கு அப்பாவின் பெயரில் 10 லட்சம் ரூபாய் கொடுக்க ஆசை. மாணவர்களின் ஃபீஸுக்கா, ஆராய்ச்சிக்கா, சுற்றுவட்டார மக்களுக்குப் பயன்படும் வேலைக்கா என்று முடிவு செய்ய முடியவில்லை. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட தம்பியும் பணம் போடத் தயாராக இருக்கிறான். வரிச்சலுகை உண்டா? (மதுரை வாசகி)

பதில்: செக் எழுதுவதற்கு முன்னால் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். முதல்வரோடு நிறுத்திக்கொள்ளாமல் விடுதிக் காப்பாளரையும், அலுவலகத்தில் ஃபீஸ் வாங்கும் எழுத்தரையும் பார்த்துப் பேசுங்கள். எந்த மாதத்தில், எந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் பிள்ளைகள் தவிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நன்கொடை என்றதும் கல்விக் கட்டணம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. ஆனால் உங்கள் கல்லூரி மாதிரியான இடங்களில், அரசு உதவி பெறும் பிரிவில் கட்டணம் குறைவுதான். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கொடுக்கப்படும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. உங்கள் பணமும் அதே இடத்திலேயே போய் விழ வேண்டியதில்லை. அரசுப் பணம் எட்டாத இடம் எது என்று பாருங்கள்.

என் அனுபவத்தில் அப்படி முதலில் கண்ணில் படுவது மெஸ் பில். பல விடுதிகளில் மாதச் செலவை மொத்தமாகப் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். காய்கறி, எண்ணெய் விலை ஏறினால் பில்லும் ஏறும். அரசு உதவித்தொகை வருடக் கடைசியில் வந்து சேர்ந்தாலும் மெஸ் பில் மாதாமாதம் வந்துவிடும். இரண்டு மூன்று மாதம் பாக்கி நின்றுவிட்டால், செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும் ‘நோ டியூஸ்’ படிவத்தில் விடுதிக் கையெழுத்து கிடைக்காது. அது இல்லாமல் ஹால் டிக்கெட்டும் கைக்கு வராது. பணம் புரட்டி வருகிறேன் என்று ஊருக்குப் போகிற பிள்ளைகளில் சிலர் திரும்பி வருவதே இல்லை. 6,000 ரூபாய்க்கும் 8,000 ரூபாய்க்கும் ஒரு பட்டப்படிப்பு நின்றுபோவதை நாம் அனுமதிக்கக் கூடாது. இதே வகையில் வருபவை தேர்வுக் கட்டணம், பஸ் செலவு, கண்ணாடி, திடீர் மருத்துவச் செலவு. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் படிக்கும் மாணவர்களையும் மறக்காதீர்கள். அவர்கள் கட்டும் ஃபீஸ் அதிகம், எட்டும் உதவி குறைவு.

ஆகவே தங்கப் பதக்கமும் முதல் மதிப்பெண் பரிசும் வேண்டாம் என்பது என் கருத்து. முதலிடம் வாங்கும் பிள்ளைக்கு வேறு கதவுகள் திறக்கும். உங்கள் பணம் தேவைப்படுவது 55 சதவீதம் வாங்கிக்கொண்டு, மாலையில் கடையில் வேலை பார்க்கிற மாணவருக்குத்தான்.

அடுத்தது, பணத்தை வைப்பில் போட்டு வட்டியை மட்டும் செலவு செய்வதா, மொத்தமாகச் செலவு செய்வதா என்பது. வங்கியில் இருந்த உங்களுக்குக் கணக்கு புதிதல்ல. 10 லட்சத்துக்கு 6.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 65,000 ரூபாய். ஆனால் விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், 14 வருடத்தில் அந்த 65,000 இன்றைய மதிப்பில் பாதியாகிவிடும். பழைய கல்லூரிகளின் ஆண்டு விழாவில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1960களில் 5,000 ரூபாய் போட்டு வைத்த அறக்கட்டளை அன்றைக்குப் பெரிய தொகை. இன்று அதன் வட்டி 300 ரூபாய் சொச்சம். மேடையில் ஒரு சான்றிதழும் புத்தகமும் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் இதைத் தெரிந்தே வருமானத்தில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கென ஒரு பேராசிரியர் பணியிடத்துக்கு, 60 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்ததும் இதனால்தான். தமிழ்நாடு அரசின் 10 கோடி ரூபாயும் உலகெங்கும் இருந்து தமிழர்கள் அனுப்பிய பணமும் சேர்ந்து 2018இல் அந்தத் தொகை நிறைந்தது. ஒரு பேராசிரியரின் பணியிடம் காலாகாலத்துக்கும் நிற்க வேண்டுமானால் முதல் தொகையில் கை வைக்கக் கூடாது.

உங்கள் தொகைக்கு நான் சொல்வது இதுதான்: 7 லட்சத்தை நிலைநிதியாக, அதாவது முதலைத் தொடாமல் வட்டியிலிருந்து மட்டும் செலவு செய்யும் வைப்பாக வையுங்கள். வரும் வட்டி சுமார் 45,000. அதில் 35,000ஐச் செலவுக்கு விட்டு, மிச்சத்தை முதலோடு சேர்க்கச் சொல்லுங்கள். மீதி 3 லட்சத்தை வருடத்துக்கு 1 லட்சம் வீதம் அவசர உதவிக்குக் கொடுங்கள். அந்த மூன்று வருடத்தில் உங்கள் பேட்ச் ஆட்களிடம் பேசினால் நிலைநிதி வளரும்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது நல்ல காரியம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 2024இல் ஐஐடி மெட்ராஸின் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் கொடுத்தார். உங்கள் தொகையில் கருவி வாங்கித் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பராமரிப்புக்குப் பணம் இல்லாமல் துணி போர்த்தி வைத்த கருவிகள் ஏற்கெனவே நிறைய ஆய்வகங்களில் உண்டு. ஆய்வு மாணவருக்கு ரசாயனம், மாதிரிப் பரிசோதனைக் கட்டணம், களப்பயணம் என்று 10,000, 15,000 கொடுத்தால் அதற்குப் பலன் இருக்கும். ஊர் மக்களுக்கான வேலை என்றால், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கட்டும். அவர்களுடைய பஸ் காசும் பிள்ளைகளின் சிற்றுண்டியும் உங்கள் கணக்கில் போகட்டும். சின்னத் தொகைதான். இரண்டு பக்கத்துக்கும் பயன்.

சரி, வரி. உங்கள் விஷயத்தில் இதை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வழக்கமான வருமானத்துக்கு வரி இல்லை, நன்கொடைக் கழிவும் இல்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் நன்கொடைக் கழிவு உண்டு. ஆனால் அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. சாதாரணமாக, வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான நன்கொடையில் பாதிதான் கழியும். 9 லட்சம் வருமானம் என்றால் 90,000, அதில் பாதி 45,000. ஒரே வருடத்தில் 10 லட்சம் கொடுத்தாலும் அவ்வளவுதான், மீதியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே கிடையாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. உங்களோடு சேரும் நண்பர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

வரியைவிட முக்கியம் நீங்கள் எழுதும் கடிதம். வெறும் ‘நன்கொடை’ என்று எழுதினால் அது பொதுச் செலவில் கரைந்துவிடலாம். இப்படி எழுதுங்கள்: “இந்த 7 லட்சம் ரூபாய் நிலைநிதியாக மட்டுமே வைக்கப்பட வேண்டும். வருமானத்தில் ஒரு பகுதி முதலோடு சேர்க்கப்பட வேண்டும். மிச்சம் மாணவர்களின் மெஸ் பாக்கி, தேர்வுக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்குப் பயன்பட வேண்டும். இந்தத் தேவை ஒருநாள் இல்லாமல் போனால், அதற்கு நெருக்கமான மாணவர் நலனுக்கு நிர்வாகம் பயன்படுத்தலாம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நோக்கம் காலாவதியான பிறகு தொட முடியாமல் முடங்கிக் கிடக்கும் அறக்கட்டளைகள் பல. அத்துடன் வருடம் ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு கேளுங்கள்: எத்தனை பேருக்கு, எதற்கு, எவ்வளவு. பெயர்கள் வேண்டாம். மேடையில் பெரிய அட்டைச் செக்கோடு அந்தப் பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுப்பதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். யாருக்கு என்பதைக் கல்லூரிக் குழுவே முடிவு செய்யட்டும். ‘நம் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று உறவினர் யாராவது சொன்னால் இடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் தம்பி. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் தம்பி கனடாக் குடிமகன் என்பதால் அவருடைய பணம் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே கதைதான். அதை வாங்கக் கல்லூரிக்கு எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் மாற்றிக் கொடுப்பது சரியல்ல, கல்லூரி சிக்கலில் மாட்டும். பதிவு இல்லை என்றால் தம்பி பங்கைத் தள்ளி வையுங்கள். உங்கள் பங்குக்கு நிர்வாகக் குழுவின் தீர்மான நகல் கைக்கு வந்ததும் செக் எழுதலாம். கல்லூரி திறக்கும் ஜூனுக்குள் முடித்தால், இந்த வருட முதல் செமஸ்டர் நோ டியூஸுக்கே பணம் உதவும்.