முத்தைப் பெற்ற ஓடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தி.நகர் கடைகளில் 'மதர் ஆஃப் பேர்ல்' என்று விற்பதும் முத்தும் ஒன்றா? இது எங்கிருந்து வருகிறது? (வாசகி, மயிலாப்பூர்)

பொருள் ஒன்று, உருவம்தான் வேறு. சிப்பிக்குள் வாழும் உயிரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு சுரப்பது ஓட்டின் உட்புறத்தில் படிந்தால் அது முத்துச்சிப்பி ஓடாகிறது; உள்ளே சிக்கிய வேற்றுப் பொருளைச் சுற்றிப் படிந்தால் முத்தாகிறது. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான், அரகோனைட் என்னும் படிக வடிவில். எஞ்சியது புரதமும், நண்டு, பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருளும். அரை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) கனமே உள்ள தட்டுகள் செங்கல் வரிசைபோல் அடுக்கப்பட்டு, இடையில் புரதம் சாந்தாக நிற்பதால், ஓர் இடத்தில் தொடங்கும் விரிசல் நேராக ஓட வழியின்றி அடுக்குகளுக்குள் அலைந்து நின்றுவிடுகிறது. அந்தத் தட்டின் கனம் ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதே வானவில் மினுக்கத்துக்குக் காரணம்; அதில் சாயம் எதுவும் இல்லை.

கொற்கை முத்தைப் பாடிய மண்ணில் பிறந்தவர்களுக்கு அடுத்த செய்தி சற்று ஏமாற்றமாக இருக்கலாம். மன்னார் வளைகுடாச் சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. அது முத்துக்குப் பெயர் பெற்றதே தவிர ஓட்டுக்கு அல்ல. நகைக்கும் பதிப்பு வேலைக்கும் வேண்டிய கனமான ஓடு வட ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் 30 சென்டிமீட்டர் வரை வளரும் பெருஞ்சிப்பியிலிருந்து வருகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரூம் நகரம் பிழைத்ததே இந்த ஓட்டினால்தான். தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கடைசியாக நடந்தது 1961-இல். 1973-இல் அங்கேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். வளர்ப்பு முத்தின் நடுவே வைக்கும் உருண்டைக் கருவைப் பெரும்பாலும் அமெரிக்க ஆற்று மட்டியின் ஓட்டிலிருந்தே கடைந்தெடுக்கிறார்கள். ஓட்டுத் துண்டின் மேல் ஓட்டுப் பூச்சு ஏறியதைத்தான் நாம் முத்து என்று வாங்குகிறோம்!

கேள்வி: எங்கள் பூஜையறைச் சங்கில் இந்த மினுக்கம் ஏன் இல்லை? (வாசகர், திருவான்மியூர்)

சங்கும் அரகோனைட்டால் ஆனதே. ஆனால் அதன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் பீங்கான்போல் வெண்மை மட்டுமே தெரிகிறது. கோவாவின் பழைய வீட்டு ஜன்னல்களிலும் இன்று விற்கும் சிப்பி விளக்குக் கூடுகளிலும் உள்ள ஒளி ஊடுருவும் தகடு வேறோர் இனத்தின் ஓடு. அது கால்சைட் என்னும் வேறு படிக வடிவிலான கால்சியம் கார்பனேட், முத்துச்சிப்பி அல்ல. இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு.

கேள்வி: போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? (வாசகி, பெரம்பூர்)

முதலில் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான ஓடு சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் உடனே உடல் சூட்டுக்கு வந்துவிடும். அடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஓட்டின் ஒளி உள்ளிருந்து எழுந்து, பச்சையும் இளஞ்சிவப்புமாக இடம் மாறும். பிளாஸ்டிக்கில் கலந்த மினுக்குத் தூளோ எங்கும் ஒரே சுழிப்பாக, பெயின்ட் கலக்கியதுபோல் தெரியும். பிறகு பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். படிப்படியான அடுக்குக்கோடுகள் தென்பட வேண்டும். பழைய சட்டைப் பொத்தானாக இருந்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஓட்டின் வெளித்தோல் பழுப்புத் திட்டாக ஓரிரு இடங்களில் மிஞ்சியிருந்தால், நான் அதற்கு மேல் எதையும் சோதிப்பதில்லை. சூடான ஊசியால் குத்துவதும் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பதும் நகையைக் கெடுக்கும் சோதனைகள்.

போலியைவிட அரைகுறை உண்மையே அதிகம் என்பது என் அனுபவம்: காகிதக் கனத்தில் சீவிய ஓட்டை ரெசின் மேல் ஒட்டியவை, வெள்ளை ஓட்டுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியவை. விலை அதற்கேற்ப இருந்தால் குற்றமில்லை. கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கோபம் தணியவும் தூக்கம் வரவும் முத்துக்குப் பதிலாக இதை வெள்ளியில் பதித்துத் திங்கட்கிழமை அணியச் சொன்னார்கள். பலன் உண்டா? (வாசகர், குரோம்பேட்டை)

நவரத்தினங்களில் முத்து சந்திரனுக்கு உரியது, சந்திரன் மனதுக்குக் காரகன் என்பார்கள். முத்து வாங்க வசதியில்லாதவர் உபரத்தினமாக இதை அணிவது அந்த வழியில் வந்தது. தாய்-சேய் பிணைப்பைக் காக்கும், குழந்தையைக் கண்ணேறு படாமல் தடுக்கும், மனத்தை அமைதிப்படுத்தும் என்று மேல்நாட்டிலும் நம்புகிறார்கள். வெண்மை, கடல், நிலவு, தொட்டால் குளிர்ச்சி என்று ஒன்றுக்கொன்று ஒப்புமை பார்த்துப் பிறந்த நம்பிக்கைகள் இவை என்பது என் எண்ணம். தொடும்போது உணரும் குளிர்ச்சி, ஓடு நம் விரலின் வெப்பத்தை விரைந்து உறிஞ்சுவதால் ஏற்படுவது. அது உடலுக்குள் போய் எதையும் தணிப்பதில்லை. அணிந்தால் தீங்கும் இல்லை. ஆனால் மோதிரத்தை நம்பித் தூக்கத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உண்ணும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மருத்துவ உலகம் இந்த ஓட்டைப் பொருட்படுத்தாமல் இல்லை. பிரான்சில் எவ்லின் லோபெஸ் குழுவினர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித எலும்புச் செல்கள் இதன் அருகில் புதிய எலும்புப் பொருளை உருவாக்குவதை 1992-இல் காட்டினார்கள். அதற்கும் வெகு காலம் முன்பே, ஹோண்டுராஸில் 1931-இல் கிடைத்த பழைய தாடையெலும்பு ஒன்றில், முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பல்போல் செதுக்கிய சிப்பி ஓட்டுத் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. ஆயினும் செல்லோடு ஒட்டிக்கிடக்கும் ஓட்டைப் பற்றிய செய்தியை, கழுத்தில் தொங்கும் பதக்கத்துக்குச் சான்றாக்கக் கூடாது.

கேள்வி: முத்துச்சிப்பி பற்பத்தை நானே வாங்கிச் சாப்பிடலாமா? (வாசகி, அம்பத்தூர்)

வேண்டாம். சித்த மருத்துவத்தில் ஓட்டைச் சுத்தி செய்து, அரைத்து, வில்லை தட்டி, அகலில் வைத்து, மண் பூசிய துணியால் மூடி (சீலைமண்), வறட்டி அடுக்கி எரித்துப் புடமிடுகிறார்கள்; கிடைக்கும் நீறுதான் பற்பம். கடுஞ்சூட்டில் கால்சியம் கார்பனேட் சுட்ட சுண்ணாம்பாக மாறத் தொடங்கும். பழைய சென்னைக் கட்டடங்களைப் பளிங்குபோல் மெருகேற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பும் இதே குடும்பம்தான். எனவே இது வயிற்று அமிலத்தைத் தணிப்பதில் வியப்பில்லை. ஆனால் கால்சியம் மிகுந்த எதையும் தைராய்டு மாத்திரையோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து உண்டால் அவை உடலில் சேர்வது குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே காட்டிவிட்டு, நீங்கள் உண்ணும் மற்ற மாத்திரைகளையும் சொல்லிவிட்டு, அவர்கள் தரும் அளவில் உண்ணுங்கள். வீட்டில் ஓட்டை அரைத்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: மங்கிய பதக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது? (வாசகர், வேளச்சேரி)

ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். வினிகர், எலுமிச்சை, பேக்கிங் சோடா, நகை கழுவும் மீயொலி (அல்ட்ராசோனிக்) கருவி எதுவும் வேண்டாம். சென்ட் அடித்து முடித்த பிறகே அணியுங்கள். வேர்வை பட்டால் அன்றிரவே துடைத்துவிடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில், வெள்ளிக் கட்டு பளிச்சென்று ஆகட்டும் என்று என் அம்மாவின் சிப்பிப் பதக்கத்தைப் புளிக்கரைசலில் போட்டேன். வெள்ளி பளிச்சென்றுதான் ஆனது. நடுவிலிருந்த ஓடு சுவரில் அடித்த வெள்ளைபோல் வெளுத்துப்போய்விட்டது. மேற்பரப்பை அமிலம் அரித்துவிட்டால் மீண்டும் மெருகிடுவதைத் தவிர வழியில்லை. மெல்லிய பதிப்பு என்றால் அதற்கும் இடமில்லை.