செட்டிநாட்டு வீடுகள்: பூட்டைத் திறக்க 2,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. திருச்சியிலிருந்து எட்டுப் பேர் வேனில் செட்டிநாடு போய் அன்றே திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர். ஏற்பாடு செய்பவர், “எட்டு இடம் காட்டுகிறேன். பூட்டிய வீட்டைத் திறந்து காட்ட ஆள் இருக்கிறது, அதற்குத் தனியாக 2,000” என்கிறார். கொடுக்கலாமா? அம்மாவால் நடக்க முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். அம்மாவால் நடக்க முடியும், ஆனால் எட்டு இடத்தில் முடியாது. காலையில் கானாடுகாத்தான், பிற்பகலில் ஆத்தங்குடி, இந்த இரண்டு ஊர் மட்டும்தான். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் கோட்டை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். அவற்றை இன்னொரு நாளுக்கு வையுங்கள். கோயில் நடை நண்பகலில் சாத்தினால் மாலையில்தான் திறக்கும், அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் வீடு பார்க்க வந்த நாள் வேனிலேயே கழிந்துவிடும்.

திருச்சியில் ஆறரைக்குக் கிளம்புங்கள். புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி போகிற சாலையில், காரைக்குடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்னாலேயே கானாடுகாத்தான் வந்துவிடும். எட்டரைக்குத் தெருவில் இறங்கினால் பதினொன்றுக்குள் நடையை முடித்துவிடலாம். அதற்குமேல் வெயில் விடாது.

இங்கே தெரு பார்த்து நடக்க வேண்டும். வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போய்ப் பின்வாசல் மறுதெருவில் திறக்கும். தெரு தப்பினால் ஒரு மணி நேரம் பின்கட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். “ஒன்றுமே இல்லையே” என்று திரும்புகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு பக்கமும் முகப்பு தெரிகிற தெருவைப் பிடியுங்கள். அது தெற்கு வடக்காக ஓடினால், காலையில் கிழக்கு ஓரமாக நடங்கள். அந்தப் பக்கத்து வீடுகளின் நிழல் உங்கள் மேல் விழும், எதிர்வரிசை முகப்புகளில் வெயில் பட்டு, கைப்பிடிச் சுவரில் இருக்கிற சுதைக் கஜலட்சுமி வரைக்கும் தெளிவாகத் தெரியும். படமும் நன்றாக வரும்.

அம்மாவுக்கு ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்காரலாம் என்று நம்பிப் போகாதீர்கள், பல வீடுகளில் கம்பிக் கதவு போட்டுவிட்டார்கள். முழங்காலுக்குத் தொந்தரவு நடை அல்ல, தெருவிலிருந்து ஏறுகிற படிகளும் உயரமான வாசற்படிகளும்தான். அதனால் அம்மாவை ஒரே வீட்டுக்குள் மட்டும், பிற்பகலில் ஆத்தங்குடியில், அழைத்துப் போங்கள். முகப்பு ஏறி வளவு வரை போனால் போதும், மாடி வேண்டாம். நிலைவாசல் நடுவில் நின்று உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்து வெளிச்சத்தைத் தாண்டி, கதவுக்குள் கதவாகப் பின்வாசல் வரை தெரியும். அப்படியே புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கட்டும். சுண்ணாம்பை நைய அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, வெயில் நேரத்திலும் குளுமையாக இருக்கும்.

செருப்பை வெளியே விட வேண்டும். பிள்ளைகளைக் காலுறையோடு ஓடவிடாதீர்கள், ஆத்தங்குடிக் கல் (அந்த ஊரில் செய்யும் பூ வேலைத் தரை ஓடு) பதித்த தரையில் வழுக்கி விழுவார்கள். வெறுங்கால்தான் நல்லது, முற்றத்துக் கல்லில் மட்டும் உச்சி வெயிலில் கால் வைக்கக் கூடாது.

இனி அந்த 2,000 ரூபாய். இந்த வீடுகள் பெரும்பாலும் ஒரு ஆளுடையவை அல்ல. பாட்டன் கட்டிய வீட்டில் பேரன்கள், கொள்ளுப்பேரன்கள் எல்லோருக்கும் பங்கு இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளைத் தனித்தனிக் குடும்பங்கள் பூட்டி வைத்திருக்கும், சாவி சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். காவலுக்கு இருப்பவர் அந்த 2,000-இல் ஒரு சிறு பங்கை வாங்கிக் கதவைத் திறப்பார், ஏற்பாடு செய்கிற தரகர் மீதியை எடுத்துக்கொள்வார். அந்த நேரம் ஒரு பங்காளி வந்து “யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள்?” என்றால் நியாயம் அவர் பக்கம். அவமானம் உங்கள் அம்மாவுக்கு, வேலை போவது காவலாளிக்கு, தரகருக்கு ஒன்றுமில்லை.

இதற்கு ஒரே விதிவிலக்கு, உங்களை அழைப்பவரே அந்த வீட்டுப் பங்காளியாக இருப்பது. தம்பிக்குச் சிங்கப்பூரில், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (செட்டியார்) சமூகத்து நண்பர் இருந்தால் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் அவர் வாய்ச்சொல் போதாது. அவர் காவலாளிக்குப் போன் செய்திருக்க வேண்டும், மற்ற பங்காளிகளில் ஒருவருக்காவது சொல்லியிருக்க வேண்டும். முகூர்த்த நாளாக இருக்கக் கூடாது, ஏனென்றால் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை) குடும்பமே வந்து இறங்கியிருக்கும். முன்னோருக்குப் படைப்பு நடக்கிற நாளாகவும் இருக்கக் கூடாது, அது முழுக்க அவர்கள் வீட்டு வழிபாடு. சாமி அறைப் பக்கம் போகக் கூடாது, பூட்டிய அறையின் சாவித்துளையில் கண் வைக்கக் கூடாது. வீட்டில் பெரியவர் இருந்தால் “ஆச்சி, வளவு வரைக்கும் வந்து பார்க்கலாமா?” என்று வாசலில் நின்று கேட்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் தாராளமாகப் போங்கள், காசு பேச வேண்டியதே இருக்காது.

கானாடுகாத்தான் அரண்மனையும் ஒரு குடும்பத்தின் வீடுதான். உள்ளே விடுவார்கள் என்று கணக்குப் போடாமல் வெளியிலிருந்து பாருங்கள். உள்ளே பார்க்க, ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாக அனுமதிக்கும் பெரிய வீடு இருக்கிறது. சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் நாளில் அதுவும் மூடியிருக்கும், முதல் நாளே விசாரியுங்கள்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே ஏறிவிட்டன. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் அதற்கும் முன்னால், 2012-இல் வந்தது. எந்த வீடு திறந்திருக்கும், என்ன நேரம், என்ன கட்டணம் என்று தெருமுனையில் ஒரு பலகை வைப்பதற்கு இன்னும் எத்தனை பட்டியல் வேண்டும்? அந்தப் பலகை இல்லாத இடத்தில்தான் தரகர் நிற்கிறார். நடுவழியில் கழிப்பறையையும் நம்பாதீர்கள். மதியச் சாப்பாட்டை கானாடுகாத்தானில் உள்ள மரபு விடுதி ஒன்றில் முதல் நாளே சொல்லி வையுங்கள், இலைக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு. அம்மாவுக்கு ஓய்வறையும் கழிப்பறையும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணல் சிமென்ட் கலவையை அடைப்பார்கள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. விற்பனைக்கு வரும் போலியை ஓரத்தில் கண்டுபிடிக்கலாம்: அசலில் மேலே மெல்லிய வண்ண அடுக்கு, கீழே சொரசொரப்பான சிமென்ட்.

பழம்பொருள் கடைகள் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கின்றன. தம்பி அங்கே போனால் கவனம். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “நூற்றைம்பது வருசத்துச் சாமான்” என்று கடைக்காரர் சொல்வது பொய்யானால் பணம் போகும், உண்மையானால் விமான நிலையத்தில் பொருள் போகும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் புதுப் பனையோலைக் கொட்டான் கூடையோ கண்டாங்கிச் சேலையோ வாங்கட்டும்.

வேன் பேசும்போதே கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, ஓட்டுநர் படி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கல் பட்டறை, பழம்பொருள் கடை எதுவானாலும் நீங்கள் சொன்ன இடத்தில் மட்டும்தான் நிறுத்த வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். ஓட்டுநர் தானாகக் கூட்டிப் போகிற கடையில் அவருடைய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும்.