‘ஷீ கோ’ என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன குறை? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை ஐந்து கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளம். பல ஆசிரியர்கள் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: தரம் 7க்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘ஷீ கோஸ்’ என்று பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தாயிற்று. சோதனையில் சரியாக எழுதுகிறார்கள், வாய் திறந்தால் ‘ஷீ கோ’தான். நான் எங்கே பிழை விடுகிறேன்? – ஆசிரியை, தலவாக்கலை

நீங்களும் பிழை விடவில்லை டீச்சர், பிள்ளைகளும் விடவில்லை. அந்த ‘ஸ்’ எல்லோருக்கும் பிந்தித்தான் வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பின்தொடர்ந்து உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973இல் எழுதினார். ‘கோயிங்’ என்பதில் வரும் ‘இங்’ முதலில் வந்தது, பன்மை ‘ஸ்’ அதன் பிறகு, வினையில் ஒட்டும் ‘ஸ்’ வெகுவாகப் பிந்தி. 1974இல் டுலே, பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஸ்பானிய, சீனப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். வீட்டுமொழி வேறாக இருந்தும் இரு கூட்டத்துக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஏன் பிந்துகிறது? நம் தமிழை வைத்தே பாருங்கள். ‘போகிறாள்’ என்றால் போதும், ‘அவள்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஷீ’ என்றதுமே ஆள் தெரிந்துவிடுகிறது. பின்னால் வரும் ‘ஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை, காதிலும் தெளிவாக விழுவதில்லை. பொருள் தராத ஒன்றைப் பிடித்துக்கொள்ள மூளை அவசரப்படாது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் தமிழிலேயே சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

பிறகு, திருத்தும் விதம். ‘மை மதர் கோ டு வர்க்’ என்று பிள்ளை சொன்னால் நிறுத்தாதீர்கள். ‘ஓ, ஷீ கோஸ் அட் செவன்? ஷீ ப்ளக்ஸ் டீ ஆல் டே?’ என்று பேச்சை வளருங்கள். சரியான வடிவம் காதில் விழும், பேச்சும் முறியாது. கொப்பியில் சிவப்பு மை வேண்டுமானால் வாரத்துக்கு ஒரு வகைப் பிழைக்கு மட்டும். பிழை என்பது பிள்ளை தனக்குள் எந்த விதியைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று நமக்குக் காட்டும் சாட்சி என்பதை மொழியியலாளர் பிட் கோர்டர் 1967லேயே எழுதிவிட்டார். நான் படித்த பாடசாலையில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதற்கு என்னை முழங்காலில் நிற்க வைத்தார்கள். அப்புறம் ஒரு வருஷம் ஆங்கிலப் பாடத்தில் நான் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு வருஷம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: மகன் தரம் 4. வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது அரைகுறை. என்ன செய்வது? – தாய், ஹட்டன்

தமிழிலேயே பேசுங்கள் அம்மா. மனசு நிறையப் பேசுங்கள். கதை சொல்வது, ‘ஏன் அப்படி நடந்தது?’ என்று கேட்பது, ஒரு விஷயத்தை ஒழுங்காக விளக்குவது, இதையெல்லாம் ஒரு மொழியில் பழகிய பிள்ளை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகும். கனடாவில் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் இதைத்தான் வலியுறுத்தி வந்தார். விளையாட்டில் பேசும் மொழி சீக்கிரம் வந்துவிடும், பாடம் படிக்கும் மொழிக்கு வருஷங்கள் ஆகும் என்றும் பிரித்துக் காட்டினார். ஆகவே அவசரம் வேண்டாம். ஆங்கிலத்துக்கு, அவனுக்கு விளங்குகிற லேசான படக்கதைப் புத்தகங்கள் நிறைய வேண்டும். அவன் வாசித்து உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும்.

கேள்வி: தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். நாளுக்கு இருபது சொல் மனப்பாடம். மறுவாரம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. – தொண்டர், ஹப்புத்தளை

எட்டுச் சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு அதே எட்டையும் கேளுங்கள். பார்த்து வாசிக்க வைப்பதைவிட, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவர வைப்பதில்தான் பலன். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கும் என்பதை உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதித்துக் கண்டார்.

கேள்வி: கடையில் வேலை. சிங்களம் சரளமாகப் பேசுவேன். ஆனால் ஒரு கடிதம் வந்தால் எழுத்துக் கூட்டி வாசித்தும் புரியவில்லை. – இளைஞர், பண்டாரவளை

தம்பி, நீங்கள் பேசுவதும் அந்தக் கடிதத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட இரண்டு சிங்களம். பேச்சில் ‘மம யனவா, அபி யனவா’ என்று யாருக்கும் ஒரே வினைதான். எழுத்தில் ‘மம யமி, அபி யமு’ என்று ஆளுக்கேற்ப மாறும். இது தமிழருக்கு அந்நியமில்லை. ‘போறேன்’ என்று பேசி ‘போகிறேன்’ என்று எழுதுகிறவர்கள்தானே நாம்? நம் வினையும் ஆளுக்கேற்ப மாறுகிறது. இன்னொன்று: நம்முடைய ஒரே ‘க’ தரும் வெவ்வேறு ஒலிகளுக்குச் சிங்களத்தில் தனித்தனி எழுத்துகள் உண்டு. அந்த ஜோடிகளை முதலில் காதால் பிரித்துப் பழகுங்கள். பஸ் பெயர்ப்பலகை, கடைப் பலகை என்று வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களை வாசிக்கத் தொடங்கி, பிறகு செய்தி வாசிப்பைக் கேளுங்கள். அதன் நடை எழுத்துக்குக் கிட்ட இருக்கும்.

ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. சிங்களம் படிப்பது உங்கள் பலம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 43 வயது, கொழுந்து எடுக்கிறேன். இனி இங்கிலீஷ் ஏறுமா? – வாசகி, நுவரெலியா

ஏறும் அக்கா. நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலக் குடும்பங்களை ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார்கள். முதல் மாதங்களில் சின்னப் பிள்ளைகளைவிடப் பதின்வயதினரும் பெரியவர்களும்தான் அந்நாட்டு டச்சு மொழியை வேகமாகக் கற்றார்கள். உச்சரிப்பில் மட்டும் நம் ஊர் வாடை கொஞ்சம் நிற்கலாம், நிற்கட்டும். மலையில் நிற்கும்போது கையில் இருப்பதையும் கண்ணில் படுவதையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘லீஃப்’, ‘மிஸ்ட்’, ‘ரெய்ன் இஸ் கமிங்’. பக்கத்து நிரையில் இருக்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் பேச ஆள் கிடைத்துவிடும்.