கபடிக்கு முன் தைலம் தேய்க்கலாமா?

கேள்வி: கல்லூரி அணியில் கபடி ஆடுகிறேன். ஊட்டியில் யூகலிப்டஸ் எண்ணெயும் விண்டர்கிரீன் எண்ணெயும் வாங்கினேன். ஆட்டத்துக்கு முன் தொடையில் தேய்த்தால் தசை சூடாகி வேகம் கூடுமா? மறுநாள் வலிக்கு எப்படித் தேய்ப்பது?

பதில்: ஆட்டத்துக்கு முன் வேண்டாம். உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு களமிறங்குவதைக் கபடி விதியே தடுக்கிறது; பிடிக்க வருபவரின் கை வழுக்கும். அதோடு, நீங்கள் உணரும் சூடு தோலோடு நின்றுவிடும். விண்டர்கிரீன் தோலை உறுத்தி ரத்தத்தை மேலே வரவழைக்கிறது, அதனால்தான் சிவக்கிறது. புதினா எண்ணெயின் மென்தால் குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, உடம்பு குளிர்வதில்லை. தசை சூடாக வேண்டுமானால் பத்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள்.

மறுநாள் வலிக்கு யூகலிப்டஸ் போதும். 50 மி.லி. நல்லெண்ணெயில் 1 மி.லி. கலந்தால் 2 சதவீதம். சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள், பாட்டிலுக்குப் பாட்டில் சொட்டின் அளவு மாறும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். முதலில் முன்கையின் உட்புறம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது. வராவிட்டால் ஒரு தேக்கரண்டி எடுத்து, கெண்டைக்காலில் கணுக்காலிலிருந்து மேல்நோக்கியும், தொடையில் முட்டியிலிருந்து இடுப்பை நோக்கியும் ஐந்து நிமிடம் நீவுங்கள். உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேல் வேலை செய்வது நீவும் கைதான். வாசனை மனதுக்கு இதம், அவ்வளவே.

தசை சுண்டி இழுத்து, வீங்கி, கால் ஊன்றவே முடியவில்லை என்றால் அது வேறு சங்கதி. முதல் இரண்டு நாள் அந்த இடத்தை நீவவே கூடாது. ஐஸ், ஓய்வு, பிசியோ.

விண்டர்கிரீன் பாட்டிலைத் தனியாக எடுத்து வையுங்கள். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்கார வேதிப்பொருள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் ஏறத்தாழ 20 ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் பூட்டியே வைக்க வேண்டும். தோல் வழியாகவும் இது உடம்பில் ஏறும். வியர்த்து, சூடாகியிருக்கும் உடம்பில் இன்னும் வேகமாக. வலி ஸ்ப்ரேயிலும் களிம்பிலும் பெரும்பாலும் இதே சரக்குதான். மூன்றையும் மாற்றி மாற்றிப் பூசுவது ஒரே மருந்தை மூன்று மடங்கு எடுப்பது போல. 2007-இல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர் இறந்ததற்கு, வலிக்களிம்புகள் வழியாக உடம்பில் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டே காரணம் எனப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தொடவே கூடாது.

எந்தத் தைலம் பூசினாலும் மேலே கிரேப் பேண்டேஜ் இறுக்கவோ வெந்நீர்ப் பை வைக்கவோ வேண்டாம். கொப்புளம் போடும்.

எரிச்சல் தாங்கவில்லையென்றால் தண்ணீரை ஊற்றிப் பயனில்லை, எண்ணெய் நகராது. வெறும் தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் நேராகத் தண்ணீர்தான்: குழாயடியில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.