உயிரியல் படிக்க ஆசை, கணக்கை விட்டுவிடலாமா?

உயிரியல் பிடிக்கும், கணக்கில் அறுபதைத் தாண்டுவதே இல்லை, அதனால் கணக்கைக் கைவிட்டு உயிரியல் பட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள் என்பதுதான் என் பதில். அறுபது வாங்குகிறவருக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலைப் படித்திருப்பீர்கள். 1866இல் வெளியான அவரது கட்டுரையில் ஒரு சோதனையின் கணக்கு இது: உருண்டைப் பட்டாணி 5474, சுருங்கியது 1850. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. செடிகளைக் கலப்பினம் செய்து வளர்த்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அவர் பொறுமையாக உட்கார்ந்து எண்ணினார், விகிதம் பார்த்தார். இன்றைக்கு மனித மரபணுத் தொகுதி என்றால் சுமார் 300 கோடி கார இணைகள், அதாவது டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள். அதைப் புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலும் தெரியாமல் தொட முடியாது. ஆய்வக வேலைகளிலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, எல்லாக் கணக்கும் தேவையா? இல்லை. வடிவியல் நிரூபணத்தில் தடுமாறினால் பரவாயில்லை. நிகழ்தகவு, மடக்கை, வரைபடம் வாசிப்பது, இவற்றில் நேரம் போடுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7இலிருந்து 6க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏன் பத்து மடங்காகிறது என்பது புரிந்தால் மடக்கையில் பாதி முடிந்த மாதிரி.

அப்புறம், முடிவெடுக்கும் முன் நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளைப் படியுங்கள். சில இடங்களில் கணக்கு கட்டாயம். முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். புள்ளியியல் தாள் அங்கேயே காத்திருக்கும்.